கோயில் சுண்ணாம்பு

ஏற்காட்டை விட்டு கொட்டச்சேட்டு ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு கத்தி. அன்று காலையில்தான் ஒரு காட்டேஜ் வேலையை விட்டிருந்தேன். கக்கூஸ் கழுவ ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலக்கச் சொன்னார் மேனேஜர். "கலந்தா மூச்சடைக்குமுங்க" என்றேன். "சொன்னதச் செய்யி" என்றார். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். இந்த வயதிலும் எனக்கு இதே புத்திதான். வழியில் விரலை மோந்து பார்த்தேன், ஆசிட் நெடி போகவில்லை. அந்த நெடியோடு ராமாயி அக்காவின் காப்பிக் காடும் மூக்கில் ஏறிவிட்டது.

புளிப்போடு எனக்குப் பழைய பழக்கம். எட்டாம் வகுப்பில் லிட்மஸ் தாள் காட்டினார்கள். எலுமிச்சைச் சாற்றில் நீலத் தாள் சிவந்தால் அமிலம். சுண்ணாம்புத் தண்ணீரில் சிவப்புத் தாள் நீலமானால் காரம். அளவாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். அந்தப் பாடத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன். நல்ல இடம் பார்த்துத்தான் நின்றிருக்கிறேன் என்று இன்றைக்கும் சொல்வேன். குழம்புக் கறை பட்ட சட்டை சோப்புப் போட்டதும் சிவக்குமே, பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் லிட்மஸ் மாதிரிதான். துவைக்கும்போதெல்லாம் என் படிப்பு முழுதும் ஒருமுறை ஞாபகம் வந்துவிடும்.

பிறகு சேர்வராயன் மலையில் மருந்தடிக்கிறவர்களோடு சுற்றினேன். மழைக்கு முன்னால் காப்பிச் செடிக்கு இலை நோய் வராமல் போர்டோ கலவை அடிக்க வேண்டும். மயில்துத்தத்தைக் கரைத்துச் சுண்ணாம்புப் பாலோடு சேர்ப்பது. துத்தம் செம்பு உப்பு, புளிப்பு. சுண்ணாம்பு அதை அடக்காவிட்டால் இலை கருகிவிடும். அடங்கியதா என்று பார்க்க, துடைத்த இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுப்போம். அலகில் செம்பு படிந்து சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். மருந்தடிக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் மேஸ்திரிக்கும் தெரியும்.

ராமாயி அக்காவுக்குக் கொட்டச்சேட்டுக்கு மேலே கொஞ்சம் காடு. புருஷன் இல்லை. செடிகள் அந்த வருஷம்தான் முதல் காய்ப்புக்கு நின்றன. அதை நம்பிக் கேழ்வரகு விதைப்பதைக்கூட அவர் விட்டிருந்தார். துத்தம் நாங்கள் கொண்டுபோனது, சுண்ணாம்பு அவர் கொடுத்தது. போன வருஷத் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயிலில் வெள்ளையடித்த மிச்சம். அந்த மிச்சத்தை அங்கே யாரும் வீட்டுச் சுவருக்குப் பூசமாட்டார்கள், காட்டுக்குத்தான் போடுவார்கள். ஆத்தா காவலாம். பூசை போட்ட மூட்டையின் வாயைக் கட்டவும் மாட்டார்கள். வினை அங்கேதான். காற்றுப் பட்டுக்கொண்டே கிடந்தால் சுண்ணாம்பு காரம் போய்ச் செத்துவிடும்.

டிரம்மில் கத்தியை முக்கினேன். சிவந்தது. மேலும் மூன்று கை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். அப்போதும் சிவந்தது.

"ஏனுங்க்கா, சுண்ணாம்பு செத்துப்போச்சுங்க."

"கோயிலுச் சுண்ணாம்பு எப்படி சாமி சாகும்?" அக்காவுக்குக் கோபமில்லை, பயந்துவிட்டார்.

மேஸ்திரி கத்தியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. "அது கெடக்குது, அடிங்கடா. மழ புடிச்சா மாரமங்கலத்து வேலையும் போச்சு."

"நொம்பப் புளிப்புங்க. எல கருகிருமுங்க."

"உன் ஊட்டு எலையாடா?"

"எனக்கு ஊடே இல்லீங்க. எலைக்கு எங்க போறது?"

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி பம்பைத் தானே தோளில் மாட்டப் போனார். எங்களிடம் இருந்தது அந்த ஒரே பம்பு. நான் அதன் மருந்து பீய்ச்சுகிற பித்தளை மூக்கைத் திருகிக் கழற்றி மடியில் செருகிக்கொண்டேன். "இப்ப அடிங்க பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். அதை வீரம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பாதித் தூரம் ஓட்டம்.

"இனி இந்த மலையில உனக்கு வேல கெடையாதுடா!"

"மலை உங்க ஊடுங்களா?" என்று வளைவிலிருந்து கத்தினேன். அடுத்த வளைவில் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு இனி யாரும் மருந்தடிக்க முடியாது. நனைந்துகொண்டே சிரித்தேன்.

இப்போது மருந்து பாக்கெட்டில் வருகிறது. கத்தியும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். ஏற்காட்டில் சுண்ணாம்புக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். ஆளில்லாத மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றுகிற கண்டக்டரும் இன்றைக்கு இல்லை. அந்த மேஸ்திரியும் இல்லை. நான் இருக்கிறேன், இதே மலையில்தான் இருக்கிறேன்.

மழையில் நனைந்து ஓடிவந்த மறுநாள் காலை அந்தச் சுண்ணாம்புக் கடையில்தான் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். "முந்தி எங்க இருந்தே?" என்றார் கடைக்காரர்.

"தொரத்திட்டாங்க."

"எதுக்கு?"

"செத்த சுண்ணாம்பு வேண்டாம்னதுக்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூட்டையைக் காட்டினார். அன்றைய கூலிக்குப் பதிலாகச் சுட்ட சுண்ணாம்புக் கல் கேட்டு வாங்கினேன். சாக்கின் வாயை இறுகக் கட்டி, அந்தக் கயிற்றிலேயே பித்தளை மூக்கையும் கோத்து, கொட்டச்சேட்டு பஸ்ஸில் ஏற்றிக் கண்டக்டரிடம் சொன்னேன். "ராமாயி அக்கா ஊட்டுக்குங்க. தெறந்து வெக்க வேண்டாம்னு சொல்லுங்க. மூக்கு வேணும்னா மேஸ்திரி அங்க வந்து மருந்தடிச்சுட்டு வாங்கிக்கட்டும்."

தூறலில் சாக்கின் ஓரம் நனைந்திருந்தது. தொட்ட கண்டக்டர் கையை உதறினார். "என்னடா இது, சுடுது?"

"சுட்டா உசுரோட இருக்குதுன்னு அர்த்தமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போனேன்.