எழுத்தின் ஆட்டத்தை அடக்கிய அமுதா

அமுதா இறந்த செய்தி என் டேப்லெட்டில்தான் வந்தது. அவர் பெயர், அடுத்து ‘காலமானார்’. எழுத்துக் கூட்டித் திரும்பப் படித்தேன். தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று முதல் முறையாக ஆசைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என்னோடு படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. என் கையாலேயே எழுதுகிறேன் என்பதில், இந்தத் துக்கத்திலும் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஈப்போவில் மென்பொருள் எழுதும் வேலை அவருக்கு. ரப்பர் தோட்டம் வீட்டுமனையாகி நாம் அடுக்குமாடிக்கு வந்த பிறகு, எழுத்துத் தெரியாத நமக்காக ஒரு செயலியைத் தானே செய்து கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். ஜோகூரில் இருக்கும் என் மகள் தமிழில் அனுப்பும் செய்திகளைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் படித்துச் சொல்வார். படுக்கையில் கிடக்கும் என் மனைவிக்கு அதை நானே படிக்க வேண்டும். அதற்காகத்தான் சேர்ந்தேன்.

ஆனால் வகுப்பில் கொடுத்த டேப்லெட்டின் கண்ணாடியைத் தொடவே பயம். எழுத்தைத் தொட்டால் அது பூப்போல மெல்ல விரியும். விரிந்து முடியும்வரை வேறொன்றும் நடக்காது. நான் பால்மரம் சீவியவன். பட்டையில் கோடு போட்டால், பால் இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டுவதைப் பார்த்த பிறகே அடுத்த மரத்துக்கு நகர்வேன். அதே பழக்கத்தில், எழுத்து விரியும்வரை விரலை அழுத்தியபடி இருந்தேன். அழுத்திப் பிடித்தால் அழிக்கச் சொல்வதாக அந்தச் செயலிக்கு அர்த்தம். எழுத்துகள் நடுங்கின. நான் கோத்த சொல் காணாமல் போனது.

“போச்சுலா, கோயில் சாமான ஒடைச்சிட்டாரு,” என்றார் பக்கத்தில் இருந்த முனியம்மா அக்கா. இனி வரக்கூடாது என்று செருப்பைத் தேடினேன்.

அமுதா வாசலில் மறித்துக் காரணம் கேட்டார். மரம் சீவிய கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நீங்க ஒடைக்கலண்ணே. நீங்க கூப்பிட்டப்ப அது பதில் சொல்லாம ஆடிக்கிட்டு இருந்திருக்கு. அழகா இருக்கட்டும்னு நான்தான் ஆட விட்டேன்.”

அடுத்த வாரம் அசைவே இல்லை. தொட்டதும் பக்கம் பட்டென்று மாறியது. அது இன்னும் பயமாக இருந்தது. பழைய பக்கம் எங்கே விழுந்தது என்று அக்கா டேப்லெட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். அமுதா மறுபடி மாற்றினார். விரல் பட்டதும் எழுத்தின் நிறம் மாறும். பக்கம் ஓரமாக விரைந்து நகரும். நகரும்போது தொட்டாலும் கேட்டுக்கொள்ளும்.

“மொதல்ல ‘ம்’னு சொல்லிரணும்ணே. வேலைய அப்புறம் செஞ்சுக்கலாம்,” என்றார். பிறகு எனக்குப் பயம் குறைந்தது. ஒருநாள் மகளின் செய்தியை நானே என் மனைவிக்குப் படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அமுதாவைக் கடைசியாகப் பார்த்தபோது, “பயமா இருக்குண்ணே,” என்றார். தேறிவிடுவாய் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. “ம்,” என்றேன். என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டார்.

என் மனைவி இப்போது அடிக்கடி கூப்பிடுகிறாள். பதில் வராவிட்டால் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அவளுக்குப் பயம். அவள் கூப்பிடாவிட்டால் எனக்குப் பயம். அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் முதலில் குரல் கொடுக்கிறேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போகிறேன். அமுதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.