அவள் பெயரில் நுழைந்தவன்

அலுவலகக் கம்ப்யூட்டர் சர்வரை நிறுத்தியது நான்தான்! ரேவதி அல்ல. அவள் என் மனைவி. இன்றுவரை தன்னால்தான் அது நடந்ததென்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்ல வாய் வராததை உங்களிடம் சொல்கிறேன்...

அப்போது எங்களுக்குத் திருமணமாகவில்லை. திருவண்ணாமலை லாட்ஜுகளுக்கு அறை முன்பதிவு நடத்தித்தரும் சிறிய அலுவலகம் ஒன்றில் இருவரும் வேலை பார்த்தோம். முன்பதிவு ஓடுகிற சர்வருக்குள் நுழையும் உரிமை அவளுக்கு இருந்தது. எனக்கு, புதிய மாற்றங்களைப் போட்டுப் பார்க்கும் சோதனை சர்வர் மட்டும்.

ஒருமுறை அவள் காய்ச்சலோடு கீழ்பென்னாத்தூர் வீட்டில் படுத்திருந்தாள். அவசரம் என்று போனில் அழைத்துக் கடவுச்சொல்லைக் கேட்டேன். முதலில் எதையெதையோ சொல்லி மழுப்பினாள். பிறகு, "சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்... உங்க பேருதாங்க" என்றாள்.

என் பெயர்! கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லைத் தட்டும்போது ஒரு புள்ளிகூட விழாது. ஒன்றும் தெரியாத அந்த இடத்தில் என் பெயரை நானே தட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

அவள் குணமாகித் திரும்பிய பிறகும் அந்த வழியை நான் விடவில்லை. கேட்டிருந்தால் சரியென்றிருப்பாள். ஏன் கேட்கவில்லை? சோம்பல்தான்... வேறென்ன சொல்ல?

ஒரு பௌர்ணமிக் காலை. அவள் டிபன் சாப்பிடப் போயிருந்தாள். அவள் பெயரில் நுழைந்து ஏதோ பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே சோதனை சர்வரின் திரையும் திறந்திருந்தது. இரண்டும் ஒரே கறுப்பு. சோதனையை நிறுத்துவதாக நினைத்து, முன்பதிவை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்!

கிரிவலக் கூட்டம் இறங்குகிற நாள் அது. பதிவு எதுவும் தெரியாத லாட்ஜுக்காரர்கள் வந்தவர்களுக்கெல்லாம் அறையைக் கொடுத்துவிட்டார்கள். முன்பே பதிந்தவர்கள் கைக்குழந்தைகளோடு வெயிலில் நின்றார்கள்.

"நிறுத்தினது யாருன்னு பார்த்தா உன் பேருதான்மா காட்டுது, ரேவதி" என்றார் முதலாளி.

அவளும் அன்று காலையில் உள்ளே நுழைந்து வேலை பார்த்தவள்தான். முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நான்தான் சார் ஞாபகமில்லாம அடிச்சிருப்பேன்" என்றாள்.

எல்லாம் புரிந்துபோய் நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வாயைத் திறந்தேனா? திறந்தேன்... "விடு ரேவதி, யாருக்கும் நடக்கறதுதான்" என்று தேற்றினேன்! இப்படியும் ஒருவன் இருப்பானா?

அவள் வேலையை விட்டாள். மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை. "என்னைத் திட்டாத ஒரே ஆளு நீங்கதான்" என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது வேங்கிக்காலில் குடியிருக்கிறோம். பூட்டிய கதவை மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்ததும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்வாள். "எனக்கு ஞாபகம் கம்மிங்க" என்று எல்லோரிடமும் சிரித்தபடி சொல்வாள். நல்ல ஞாபகம் அவளுக்கு! என் சட்டை அளவிலிருந்து நான் எப்போதோ சொன்ன கனவுவரை மறக்காதவள்... அவள் மீதே அவளுக்கு இருந்த நம்பிக்கையை நான் திருடிக்கொண்டேன்.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போனோம். பாதி வழியில் சட்டென்று நின்றாள். அன்று அவசரத்தில் படமெடுக்கவில்லை.

"கேஸ மூடினேனாங்க?"

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நொடியில் எல்லாவற்றையும்... ஆனால் அவள் கண்ணில் அவ்வளவு பயம்!

"மூடிட்ட. நான் பார்த்தேன்" என்றேன்.

"நீங்க பார்த்தா சரிதாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடந்தாள்.

நான் பார்க்கவே இல்லை.