மான்முடித் தவளை

அம்மாவுக்கு வயிற்றைக் கீறித்தான் தம்பி பிறந்தான். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிவிட்டாள். தையல் ஒரு பக்கம் விட்டுப்போனது. மருந்து போட்டும் புண் கசிந்தது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. தம்பியைத் தூக்க முடியவில்லை. விரால் மீன் கொடுத்தால் ஆறும் என்று வந்தவர் எல்லாரும் சொன்னார்கள்.

சந்தையில் விரால் இல்லை. பங்குனி வெயில். ஏரி வற்றி, நடுவில் தாமரை படர்ந்த இடத்தில்தான் தண்ணீர் இருந்தது. விராலும் அங்கேதான். வால் அடிக்கும் சத்தம் கரைக்குக் கேட்கும். மண்புழு போட்டால் சீந்தாது. தவளை வேண்டும். தவளை எல்லாம் சேற்றுக்குள் போய்விட்டது.

மாமா, அம்மாவின் தம்பி, உளுந்தூர்பேட்டையில் பரோட்டா போடுகிறவர். அக்காவுக்காக லீவு போட்டு வந்திருந்தார். ஒரு வெள்ளைக்காரன் தூண்டில் முள்ளில் முடியைக் கட்டித் தவளை செய்வதைச் செல்போனில் பார்த்தார். அதைத் தண்ணீர்மேல் இழுக்க, மீன் பாய்ந்து கவ்வியது. மாமா ஆட்டு முடியில் கட்டி வாளித் தண்ணீரில் போட்டார். ஊறி மூழ்கியது. தேங்காய் நாரும் மூழ்கியது.

"அவன் மான் முடியில கட்றான் பாப்பா. உள்ள காத்து இருக்குமாம், அதான் மெதக்குது. நா மானுக்கு எங்க போவேன்? மலை ஏறுனா ஃபாரஸ்ட்காரன் என்னியக் கட்டிடுவான்."

"பெரியப்பா மான் மேலதான மாமா உக்காந்துகினு இருக்காரு" என்றேன்.

மாமா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். ஒரே வாசல், நடுவில் இடுப்பு உயரச் சுவர். கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவர் விரதக்காரர். மீன், கறி தொடமாட்டார். கரியாலூர்ப் பக்கம் ஒரு சாமியார் எந்தக் காலத்திலோ கொடுத்த மான்தோலில் உட்கார்ந்துதான் கும்பிடுவார். யாரையும் அதைத் தொடவிடமாட்டார். சண்டை பெரியவர்களுக்குத்தான். நான் அந்த வீட்டுக்குள் போகலாம், வரலாம். அவர் குளிக்கப் போனபோது போய் வந்தேன். பழைய தோல், இழுத்தால் முடி கையோடு வந்தது.

மாமா முடியைச் சிட்டிகை சிட்டிகையாக முள்ளின்மேல் வைத்து, தையல் நூலால் சுற்றி இறுக்கினார். இறுக்க இறுக்க முடி நாலா பக்கமும் விறைத்து நின்றது. அதோடு நெருக்கி அடுத்த சிட்டிகை. பிறகு பிளேடால் செதுக்கினார். முதுகு வந்தது, தொப்பை வந்தது. சைக்கிள் டியூபில் இரண்டு கால். வாளியில் போட்டோம். மிதந்தது.

சாயந்திரம் ஏரியில் விரால் அதைக் கவ்வி, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு தாமரைக்குள் போய்விட்டது. வெறும் கையோடு வந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"தோல எலி கடிச்சிருக்குது" என்றார் பெரியப்பா.

"எலிக்கு அது இன்னாத்துக்கு? பணியாரமா?" என்றாள் பெரியம்மா.

மாமா செதுக்கிய முடி காற்றில் பறந்து வாசல் முழுக்கக் கிடந்தது. பெரியப்பா குனிந்து அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"அவளுக்குப் புண்ணு இன்னும் ஆறலியாமா?"

"செவுத்துக்கு அந்தாண்டதான கீறாங்க. நீயே கேளேன். வாய வாடகைக்கு வுட்டுட்டியா?"

மறுநாள் காலையில் மான்தோல் சுவரின்மேல் கிடந்தது. முடிப்பக்கம் எங்களைப் பார்த்து.

"தோலு ஈரமா கீது, காயட்டும். நா வர மத்தியானம் ஆவும்" என்று பெரியப்பா ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா சிரிக்கவில்லை. தோலின் ஓரத்திலிருந்து மட்டும் எடுத்தார்.

இந்தத் தவளை முதலாவதைவிடக் கொழுத்தது. நரம்பும் தடிமன். மாமா மூங்கில் கழியை நீட்டித் தவளையைத் தாமரை இலைமேல் உட்காரவைத்தார். மெல்லத் தண்ணீருக்கு இழுத்தார். இரண்டு குதி. நிறுத்தினார். தண்ணீர் வெடித்தது. கழி வளைந்தது. மாமா கழியைப் போட்டுவிட்டு இடுப்பளவு சேற்றில் குதித்து, சட்டையால் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். என் கை நீளம் இருந்தது.

மிளகும் பூண்டும் போட்டு அப்பா குழம்பு வைத்தார். கவிச்சி வாசம் சுவரைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகும் மாமா பிடித்து வந்தார். தவளை பிய்ந்தால் புதிதாகக் கட்டினார். தோல் தினமும் சுவரில் காய்ந்தது.

புண் காய்ந்தது. ஒரு நாள் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு தானாக வாசலுக்கு வந்து நின்றாள். அன்றோடு தோல் உள்ளே போய்விட்டது. ஓரமெல்லாம் வழுக்கை. பெரியப்பா அதிலேயே உட்கார்ந்து கும்பிட்டார்.

பெரியப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பங்குனியில் ஒரு தூறல்கூட இல்லை. தோல் எப்படித் தினமும் ஈரமானது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.