பட்டில்லாமல் ஓடிய ஆலை

போன வாரம் வீட்டுக்குப் புதிதாக வாஷிங் மெஷின் வந்தது. கொண்டுவந்தவர் துணி போடாமலே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். அந்த வெற்றுச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி காரணம் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தால் ஆரணி வரை போக வேண்டும். அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு கூட்டுறவுப் பட்டு முறுக்காலையில் நான் கிளார்க். கச்சாப்பட்டை முறுக்கி நெசவுக்குத் தயாராக்கித் தருகிற இடம். ஊறவைத்த பட்டின் சோப்பு வாசனை சட்டையோடு வீடு வரை வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்னை ரொம்பச் சுத்தமான ஆள் என்று நினைத்திருப்பார்கள். நான் சேர்ந்த ஆறாம் மாதமே பட்டு வரத்து குறைந்துபோனது. என் ராசி அப்படி. எட்டு இயந்திரங்களில் ஆறு நின்றுவிட்டன. அரசு பட்டு கொடுத்துத் தாங்கிப் பிடித்தால் நாற்பது பேரின் பிழைப்பு தப்பும், இல்லையென்றால் பூட்டு. நேரில் பார்த்து அறிக்கை எழுத சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், தறி சும்மா கிடப்பது தெரியக் கூடாதென்று நூலை இரவல் வாங்கியாவது ஏற்றிவைப்பார்கள். மானேஜரும் இந்த ஊர்க்காரர்தானே. “வர்ற மனுசன் நம்மள பஞ்சப் பரதேசின்னு நெனச்சிடக் கூடாது” என்றார். சுவருக்கு வெள்ளையடித்தோம். வாசலில் மாவிலை கட்டினோம். அதிகாரி நுழையும்போது எட்டும் ஓடின: இரண்டில் பட்டு, ஆறில் நூல் சுற்றாத வெறும் பாபின். ஆட்கள் மும்முரமாக, இல்லாத நூலுக்கு முடிச்சுப் போட்டார்கள். நான் ரிஜிஸ்டரை விரித்து, ஒன்றும் எழுதாத பக்கத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

நன்றாக நடித்துத் தொலைத்தோம். அதிகாரி மகிழ்ந்துபோனார். இத்தனை நன்றாக ஓடும் ஆலைக்கு உதவி எதற்கு, நலிந்த இடத்துக்கல்லவா கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். மானேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

கடைசி இயந்திரத்தில் நின்றவர் சகுந்தலா அக்கா. அவர் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. சட்டென்று சுவிட்சை அணைத்தார்.

“சார், இது வெறுமனே சுத்திகினு கீதுங்க. கை வெச்சிப் பாருங்க. ரெண்டு மாசமா இதுக்குப் பட்டே வர்ல. நீங்க வர்றீங்கன்னுதான் ஓட்டினோம்.”

அதிகாரி பாபினைத் தடவிப் பார்த்தார். பிறகு மானேஜரைப் பார்த்தார். என்னைப் பார்ப்பதற்குள் ரிஜிஸ்டரை மூடிவிட்டேன். மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. அடுத்த மாதம் லாரியில் பட்டு மூட்டைகள் வந்தன. அதுவரை அக்காவை முறைத்துக்கொண்டிருந்த மானேஜர் அன்று தன் கையால் அவருக்கு டீ கொடுத்தார்.

ஏழெட்டு வருஷம் ஓடியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு மறுபடி பட்டு நின்றது. இந்த முறை புத்தியோடு உள்ளதை உள்ளபடி எழுதிச் சென்னைக்கு அனுப்பினோம். டைப் அடித்தவன் நான். வெள்ளையடிக்கவில்லை, மாவிலை கட்டவில்லை. அக்கா தினமும் வந்து தன் இயந்திரத்தைத் துடைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாராவது ஒருவர் வந்தால் போதும், தானே பேசிக்கொள்வதாகச் சொல்வார்.

யாரும் வரவில்லை. மூடச் சொல்லும் கடிதம்தான் வந்தது. இயந்திரங்கள் எடைக்குப் போயின. ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்துக் கார்கள் நிற்கின்றன. அந்தக் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டியவனும் நான்தான். முழுவதும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“வந்து பாக்காமயே எப்டி தம்பி எழுதினாங்க?”