எங்கள் தோட்டத்தில் சோதனை என்றால்

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. எரியும் மெழுகுவத்தி, அதன் மேல் கவிழ்த்த கண்ணாடிக் குவளை, தலைப்பில் தடித்த எழுத்தில் 'சோதனை'. அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது முப்பது வயதுக்கு மேல். ஆனால் இந்த ஒரு சொல்லை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒன்றைச் செய்து பார்த்து என்ன ஆகிறது என்று அறிவது சோதனை என்கிறது புத்தகம். கடவுள் நம்மைப் பாடாய்ப் படுத்துவதும் சோதனைதான் என்பார்கள் கோயிலில். மலாக்காவில் பாயா ரும்புட் பக்கத்தில் நாங்கள் மரம் சீவிய ரப்பர்த் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண்களின் சேலைக்குள் கை விடுவது.

ரப்பர் விலை விழத் தொடங்கியிருந்த நேரம். பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்து கிடக்கும் பாலைச் சுரண்டி எடுப்போமே, அந்தக் கட்டிப்பால் ஸ்டோரில் குறைகிறது என்று புகார் வந்தது. பால் நிறுத்துவிட்டுத் திரும்பிய பெண்களை, எங்களை வேலை வாங்கும் மண்டோர் சுவரோரமாக வரிசையில் நிறுத்தினான்.

"சோதனை போடணும். முந்தானய எடுங்கடி" என்றான்.

எனக்கு முன்னால் நின்றவள் மாட்டேன் என்றாள். கன்னத்தில் அறைந்து சேலையை உருவினான். என் முறை வந்தபோது அவன் கையைக் கடித்தேன். அவன் இரத்தம் என் வாயில் உப்புக் கரித்தது. என்னைக் கீழே தள்ளி, பூட்ஸ் காலால் வயிற்றில் மிதித்தான். மூன்று மாதம் எனக்கு. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டது. எங்கள் யாரிடமும் ஒரு துண்டு கட்டிப்பால்கூடக் கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மரம் சீவும் உளியைத் தூக்கிக்கொண்டு மண்டோரைக் கொல்ல ஓடினார். லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் அவரை மடக்கிப் பிடித்து, தூணில் கட்டிப்போட்டார்கள். அவிழ்த்துவிட்டபோது மண்டோரை வேறு தோட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவருடைய கோபம் போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. சோற்றுத் தட்டு பறக்கும். சுவரைக் குத்திக் குத்திக் கை வீங்கும். என் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுவருஷம் ஆபீசில் கணக்கெழுதப் புதுக் கிராணி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மலாக்கா டவுனில் படித்தவர். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கூலிகளைக்கூட 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர். ஆனால் அவருடைய தமிழும் எங்கள் தமிழும் ஒரே சாடையில் பிறந்த வேறு வேறு பிள்ளைகள். வந்த புதிதில் அது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

ஒருநாள் பெரட்டில், அதாவது விடிந்ததும் ஆள் கணக்கு எடுக்க எல்லோரும் கூடும் களத்தில், அவர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று தொண்டையைச் செருமினார்.

"துரை ஒரு சோதனை செய்யப் போறார். ரெண்டாம் நம்பர்க் காட்டுப் பொம்பிளையளை வச்சுத்தான் முதல்லை செய்யிறது. ஒருத்தரும் பயப்பிட வேண்டாம்."

ரெண்டாம் நம்பர்க் காட்டில் மரம் சீவுகிறவர்கள் முழுக்கப் பெண்கள்தான். நானும் அதில் ஒருத்தி. என் கால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. பயப்பட வேண்டாமாம்!

என் வீட்டுக்காரர் வரிசையை விட்டு வெளியே வந்தார். "என்னத்தய்யா சோதிக்கப் போறீங்க?"

"கொஞ்சம் பொறும். செய்யேக்கை உமக்கே விளங்கும்" என்றார் கிராணி. சிரித்துக்கொண்டே சொன்னார், பாவி மனிதர்.

பால்வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு என் வீட்டுக்காரர் கையில்தான் இருந்தது. முதல் அடி தாடையில் விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது. கிராணி கல்லிலிருந்து உருண்டார். இரண்டாவது அடி தோளில், மூன்றாவது கண்ணோரத்தில். வெள்ளைக் காற்சட்டை சிவப்பாகி, மண்ணில் இரண்டு பல் கிடந்தது. அதைப் பார்த்து என் மனசு குளிர்ந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? போன வருஷத்து மிதிக்கு யாராவது ஒருவன் இரத்தம் சிந்துகிறானே என்று இருந்தது எனக்கு.

புது மண்டோரும் காவல்காரர்களும் பாய்ந்து என் வீட்டுக்காரரைக் கீழே போட்டார்கள். கம்பைப் பிடுங்கி அதே கம்பால் அடித்தார்கள். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. நான் ஒருவன் முதுகில் ஏறிக் காதைப் பிய்த்தேன். என்னை உதறிவிட்டு அவரை மறுபடி மிதித்தான். அப்போதுதான் துரை பங்களாவிலிருந்து தொப்பிகூட இல்லாமல் ஓடி வந்தார்.

"மரம்! மரத்துக்கு சோதனை! பொம்பளைக்கு இல்லே!" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மரம் சீவினால் பால் குறைகிறதா என்று பார்ப்பதுதான் துரையின் திட்டம். அவ்வளவுதான் விஷயம். அதற்குக் கிராணி தேடிப் பிடித்த நல்ல தமிழ்ச் சொல்தான் சோதனை.

இரண்டு பேரையும் ஒரே லாரியில் மலாக்காவுக்கு ஏற்றினார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்கு, ஒருவர் லாக்கப்புக்கு. கிராணி செத்தால் தூக்குதான் என்று லயம் முழுக்கப் பேச்சு. காலையில் யாருடைய பல்லைப் பார்த்து மனசு குளிர்ந்தேனோ, அவர் உயிர் பிழைக்க வேண்டும் என்று மாரியம்மன் முன்னால் மண்டையை மோதிக்கொண்டேன். வேண்டும்போதும் கோபமாகத்தான் வேண்டினேன். பிழைத்தார். ஆனால் ஒரு கண் போய்விட்டது. தூக்கு இல்லை என்றாலும் பல வருஷம் உள்ளே போடுவார்கள் என்றார்கள். என் வீட்டுக்காரரை எத்தனை சீக்கிரம் வெளியே கொண்டுவருவது என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை.

கோர்ட்டில் என் பக்கத்தில், மசாலாக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவர். நடப்பதை என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பொம்பளைங்க மேல சோதனைன்னாரு. பொறுக்க முடியல, அடிச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீஷில் சொன்னதும் நீதிபதி லேசாகச் சிரித்தார். "என்னா நானா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"மரம் சீவுறதுல புதுசா ஏதோ செஞ்சு பார்க்கப் போறாங்கன்னு சொன்னதுக்கு அடிச்சானாம். அப்படித்தாம்மா திருப்பிச் சொல்றாரு. புது மொறைய வேணாங்கிற முட்டாப் பய மாதிரி ஆகிப்போச்சுலா உன் புருசன்."

போகிறபோது அடித்த சொல், திரும்பி வரும்போதும் எங்களையே அடித்தது. நான் எழுந்துவிட்டேன். தமிழில் சொன்னால் மறுபடி அந்த ஆளின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். சந்தையில் பேசிப் பழகிய பாசார் மலாயில் கத்தினேன்.

"இத்து மண்டோர் ராபா பாடான் சாயா! அனாக் சாயா மாத்தி!"

மண்டோர் என் உடம்பைத் தடவினான், என் பிள்ளை செத்தது. இதற்கு இரண்டு அர்த்தம் யாரும் சொல்ல முடியாது. போலீஸ்காரன் என் கொண்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். இழுபடும்போதே பார்த்தேன், கட்டுப் போட்ட தாடையோடு கிராணி எழுந்து நின்றார். எச்சில் வழிய, ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் என்னமோ சொன்னார். பெரியவர் பிறகு சொன்னார்: "இவங்க தோட்டத்துல அந்தச் சொல்லுக்குப் பொம்பளைங்க துணிய அவுத்துப் பார்க்கிறதுன்னு அர்த்தமாம், எனக்கு அது தெரியாமப் போச்சுன்னு சொன்னாரும்மா."

என் வீட்டுக்காரருக்குத் தண்டனை பாதிக்குப் பாதி குறைந்தது. ஆனால் ரோத்தான் பிரம்படியிலிருந்து தப்பவில்லை. சிறையில் முதல்முறை பார்க்கப் போனபோது அவரால் உட்கார முடியவில்லை. நின்றபடியே பேசினார். நான் லயத்திலேயே இருப்பேன், நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

துரையின் சோதனை நல்லபடியாக முடிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் சீவினாலும் மரம் ஏறக்குறைய அதே பாலைக் கொடுத்தது. ஒருநாள் காலையில், பெரட்டுக்கு முன்னால், கிராணி என் வாசலில் வந்து நின்றார். ஒற்றைக் கண்ணால் என்னை நேராகப் பார்க்காமல் பேசினார்.

"பாதிப் பேர் இனித் தேவையில்லையெண்டு துரை சொல்லிப்போட்டார். ஊருக்குக் கப்பல் ஏத்தி விடுவினம். அதை நான்தான் பெரட்டிலை சொல்ல வேணும். உங்கட தமிழிலை எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை?"

"நானும் போகணுமா?"

"ஓம்."

"வேலை இல்லன்னு சொல்லுங்க. அது போதும்."

அவர் அப்படியே சொன்னார். எல்லோருக்கும் உடனே புரிந்தது. சில பெண்கள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். நான் கப்பலுக்குப் போகவில்லை. என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே சிறைக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்தபடி கேட்டார்.

"அப்ப சோதனை நம்ம மேலதான் நடந்திருக்கு" என்றார். "நான் வெளங்கிக்கிட்டது சரிதான். ஆளத்தான் மாத்தி அடிச்சிட்டேன்."