ஆள்காட்டி விரலில் ஒரு காய்ப்பு

காசிமேட்டு இறால் கொட்டகையில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவள் ஃப்ளோரா. அவள் உரித்த இறாலில் ஒரு கால் துண்டோ கறுப்பு நரம்போ ஒட்டியிருந்ததாக யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளால் மூன்று மாதமாக, மூன்று விரலைக் கிடார் கம்பிகளில் வைத்து ஒரு சுத்தமான சத்தம் எழுப்ப முடியவில்லை.

"மொதோ ரெண்டு வாரம் வலிக்கும். அப்பால விரல் காச்சிரும்" என்று சொல்லித்தான் அமல்ராஜ் கிடாரைக் கொடுத்துவிட்டுத் துபாய்க்குப் போனான். கோயில் பாடகர் குழுவில் அவன் ஒருவன்தான் கிடார் வாசித்தவன். சோகப் பாட்டுக்கு மூன்று கம்பியைச் சேர்த்து அமுக்கும் ஏ மைனர் பிடிக்க வேண்டும் என்று நோட்டுத்தாளில் மூன்று புள்ளி வைத்துக் காட்டியிருந்தான்.

"ஆள்காட்டி விரல்லதான் உசுரே கீது. அது அமுங்கலேன்னா சோகம் வராது, வெறும் சத்தம்தான்."

அவன் விரலுக்கு அது சரி. ஐஸ் தண்ணீரில் இறால் உரிக்கிற விரலில் காய்ப்பு ஏறாது. சாயங்காலம் கம்பி கெட்டியாக்கிய தோலை மறுநாள் இறால் தண்ணீர் ஊறவைத்து உரித்துவிடும்.

இறந்துபோன அம்மா சிலுவையம்மாளின் வருசப் பூசை 2003 ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. அதே கொட்டகையில் உரித்துக்கொண்டே அம்மா முணுமுணுத்த மாதா பாட்டு ஏ மைனரில் தொடங்கி ஏ மைனரில் முடியும். "எங்கம்மா பாட்டுக்கு நானே வாசிக்கிறேன்" என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடை வந்தது. நாற்பத்தைந்து நாள் விசைப்படகு போகாது. கொட்டகைக்குப் பூட்டு. அவளுக்கும் அக்கா சுகிர்தத்துக்கும் ஒரு வேளை கஞ்சி, ஒரு வேளை வெறும் டீ. ஆனால் கை காய்ந்தது. இருபதாம் நாள் விரல் நுனியைக் கதவில் தட்டினால் 'டக்' என்றது. இருபத்தாறாம் நாள் ஏ மைனர் முழுசாக எழுந்தது. அடுப்படியிலிருந்து சுகிர்தம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, சாவு வூடு மாரியே கீது."

"அப்ப சரியாத்தான்கா வருது."

தடை முடிந்து கொட்டகை திறந்த அன்று பூசைக்கு எட்டு நாள் இருந்தது.

"நீ வராத. உன் வேலையும் சேத்து நான் பாத்துக்குறேன்" என்றாள் சுகிர்தம்.

திறக்கிற அன்று உட்காராதவளுக்கு அப்புறம் இடம் கிடைக்காது. ஃப்ளோரா பழைய சைக்கிள் டியூபை வெட்டி, மூன்று விரலுக்கும் உறை தைத்து மாட்டிக்கொண்டு போனாள். அரை மணி நேரம்தான். மேஸ்திரி சுப்புராயன் குனிந்து பார்த்தார்.

"இன்னாமே இது, விரலுக்குச் செருப்பா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"புண்ணு, மேஸ்திரி."

"மால் கப்பல்ல போவுது. ரப்பர் நாத்தம் வந்தா பொட்டியோட திருப்பி அனுப்பிடுவான். கயட்டு, இல்லாங்காட்டி எழுந்து போ."

எதிர் வரிசையிலிருந்து சுகிர்தம், எழுந்து போய்விடு என்று கண்ணால் சொன்னாள். வீட்டில் அரிசிப் பானை காலி. ஃப்ளோரா உறைகளை ஒவ்வொன்றாக உருவி மடியில் போட்டுக்கொண்டு ஐஸில் கையை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விரல் நுனி அவித்த கிழங்குபோல இருந்தது. பாட்டு தொடங்கியது. மற்ற இரண்டு விரலும் எப்படியோ நின்றன. ஆள்காட்டி விரல் வழுக்கி, அந்தக் கம்பி 'டப்' என்று செத்தது. யாரும் திரும்பவில்லை. மூன்றாம் பெஞ்சில் சுகிர்தம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசி அடி வந்தபோது ஃப்ளோரா முழு பலத்தையும் அந்த ஒரு விரலில் வைத்தாள். கம்பி தோலைப் பிளந்து உள்ளே இறங்கியது. ஏ மைனர் முழுசாக ஒலித்தது, ஒரே ஒரு தரம்.

திங்கட்கிழமை ஐஸில் கை வைத்ததும் அவளுக்கு மூச்சு நின்று வந்தது. பேசினில் சிவப்பு கலங்குவதைச் சுப்புராயன் பார்த்துவிட்டார்.

"இன்னா ஆச்சி கைல?"

சுகிர்தம் வாய் திறப்பதற்குள் ஃப்ளோரா முந்திக்கொண்டாள்.

"இறால் கொம்பு குத்திச்சி, மேஸ்திரி."

"ரத்தம் பட்ட மால் வேணாம். எழுந்துரு."

பேசினோடு இறாலைத் தூக்கி மூலையில் கொட்டினார். ஒன்பது வருடத்தில் ஃப்ளோரா உரித்த இறாலை வேண்டாம் என்றது அன்றுதான். மத்தியானத்துக்குள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.