கரண்ட் போனால் கேட்கும்

பொதட்டூர்பேட்டை நாகேந்திரனுக்கு நாலு வயதில் அம்மை போட்டுக் கண் போனது. அதற்கும் சேர்த்து வாய் வளர்ந்துவிட்டது என்பாள் அவன் மனைவி வரலட்சுமி. அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்கு அவன் பாவாதான். பகலில் தறிக்கு நூல் சுற்றுவான். கல்யாண வீடுகளில் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டும் கேலியுமாக ஊரையே கிழித்துத் தோரணம் கட்டுவான். உள்ளூர்க்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

வெளியூரில்தான் வம்பு. எழுபத்தேழாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் மேடை கிடைத்தது. காவடி எடுத்து வந்த சனம் அவன் கண்ணைப் பார்த்ததோடு சரி, சொன்னதைக் கேட்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் "ச்சூ" கொட்டியது. ஒரு அம்மாள் அழுதுகொண்டே அவன் கையில் வாழைப்பழத்தைத் திணித்தாள். வீட்டுக்கு வந்தவன் சோற்றைத் தொடவில்லை.

"இனிமே சாமி பாட்டோட நிறுத்திக்கறேன். சிரிக்க வெக்கிறதெல்லாம் கண்ணு இருக்கிறவன் வேலை" என்றான்.

"இன்னும் ஒரே ஒரு தபா பாத்துடு பாவா" என்று மறுவருஷம் அதே மேடைக்குக் கெஞ்சிக் கூட்டி வந்தவள் வரலட்சுமிதான். அவனை மேடையில் உட்கார வைத்துவிட்டு, பெண்கள் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எங்க தெருவுல வூட்டுக்கு வூடு தறிங்க. அது ஓடிகினு இருக்கிற வரிக்கும் புருசன் பொண்டாட்டி எவ்ளோ கத்தினாலும் வெளிய கேக்காது. திடீர்னு கரண்ட் பூட்டாதான் பயம்" என்று ஆரம்பித்தான் நாகேந்திரன்.

ஆர்மோனியத்தையே தறியாக்கித் தடதடவென்று ஓட்டினான். மைக்கில் தெருவே அதிர்ந்தது. சிரிப்பு வரவில்லை. பின்வரிசையில் யாரோ "ச்சூ" கொட்டினார்கள்.

பக்கத்திலிருந்த அம்மாள் வரலட்சுமியின் காதருகே குனிந்தாள். "உன் வூட்டுக்காரராம்மா? பாவம், ஒண்ணுமே தெரியாதில்ல?"

வரலட்சுமிக்குச் சுருக்கென்றது. தறித் தெருவில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், குரல் தானாக ஏறிவிடும். ரகசியம் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார்கள்.

"அந்தாளா பாவம்?" என்று அவள் ஆரம்பிக்கவும் மேடையில் தறி சட்டென்று நிற்கவும் சரியாக இருந்தது. மீதிப் பேச்சு மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் போனது. "ஒண்ணும் தெரியாதவருக்கு, நான் ஒளிச்சி வெக்கிற முறுக்கு மட்டும் எந்த டப்பாவுல கீதுன்னு எப்டிம்மா தெரியுது?"

வரலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாகேந்திரன் மெதுவாகக் குரல் வந்த பக்கம் திரும்பினான்.

"நான் சொல்லல? கரண்ட் பூட்ச்சு."

அவ்வளவுதான். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் குலுங்கின. பாவம் சொன்ன அம்மாளே தொடையில் தட்டிச் சிரித்தாள். "எந்த டப்பாய்யா, சொல்லு" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார். வரலட்சுமிக்கு மானம் போனது. இவ்வளவு சந்தோஷமாக அது என்றைக்கும் போனதில்லை.

சிரிப்பு அடங்கும்வரை நாகேந்திரன் கட்டைகளில் விரல் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மறுபடி தறியை ஓட்டினான். அந்த வருஷத்திலிருந்து அவன் ஏறிய மேடைக்கெல்லாம் அவளும் போனாள், கூட்டத்தில் உட்கார்ந்து கத்துவதற்கு.